பூட்டினால் மட்டும் போதுமா? ஸ்டோரேஜ் அறையில் வைக்கும் சாமான்கள்: வாசகர் கேள்வி பதில்

மாத வாடகைக்கு ஸ்டோரேஜ் அறை எடுத்துச் சாமான்களைப் பூட்டிவைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலரும் திருட்டைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் பூட்டு உடையாமலே பொருள் வீணாவது உண்டு. உள்ளே வைத்த அன்றே அதில் இருந்த ஈரம், கூடவே வந்த பூச்சி, தரையிலிருந்து ஏறும் ஓதம் இவைதான் அதற்குக் காரணம். ஆகவே பதில்களில் இவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ஒன்றரை வருசத்துக்கு வெளிநாடு போறோமுங்க. ரெண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் சரவணம்பட்டி பக்கம் ஒரு ஸ்டோரேஜ் அறையில போடலாம்னு இருக்கோம். அறையைப் பார்க்கப் போனா எதையெதைக் கவனிக்கோணும்?
– வாசகி, பீளமேடு

தரையிலிருந்து தொடங்குங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கனமான பாலிதீன் தாள் ஒன்றை அறைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டிவிட்டு வாருங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்து, அதாவது மறுநாள் போய்ப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் தரை கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். அந்த அறை வேண்டாம். இந்தச் சோதனைக்கே சம்மதிக்காத இடமும் வேண்டாம்.

அடுத்து சுவர். கீழிருந்து ஓரடி உயரம் வரை பெயிண்ட் பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். பிறகு கூரை. தகரக் கூரை என்றால் சித்திரை வெயிலில் உள்ளே அனல் அடிக்கும். மழைக்கால இரவில் தகரம் சட்டென்று குளிர்ந்து, அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். கான்கிரீட் கட்டடத்தில் நடு மாடி அறை கிடைத்தால் அதுவே நல்லது. நேர் மேலே மொட்டை மாடி இருந்தால் வெயிலும் கசிவும் வரும். தரைத்தளத்தில் எலித் தொல்லை உண்டு, வாய்க்காலோ பள்ளமோ பக்கத்தில் இருந்தால் வெள்ளமும் புகும்.

ஷட்டரை உள்ளிருந்து இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். 6 மில்லிமீட்டர் சந்து இருந்தால் சுண்டெலி நுழையும், 12 மில்லிமீட்டர் இருந்தால் பெரிய எலியே நுழையும். ஷட்டரின் அடிப்பட்டைக்கு ரப்பர் போட்டுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

சாமான் எதையும் நேராகத் தரையில் வைக்கக்கூடாது. நான்கு அங்குல உயர பேலட் மேல் வையுங்கள். பழைய மரக் கடையில் பேலட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதிலேயே உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் வண்டு, இருக்கலாம் என்பதால் பிளாஸ்டிக் பேலட்டே மேல். சுவருக்கும் சாமானுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். நடுவில் ஒன்றரை அடி நடைபாதை இல்லாவிட்டால் பின்னாடி என்ன நடக்கிறது என்று திரும்பி வரும்வரை உங்களுக்குத் தெரியாது. மேலே தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதற்குக் கீழே ஒன்றரை அடி காலியாக இருக்கட்டும். அதை மறைத்து அடுக்கினால் தண்ணீர் பரவாது.

சோபா, மெத்தை இவற்றை பேக்கர்ஸ் ஆட்கள் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றித் தருவார்கள். வண்டியில் போகும்வரை அது சரி. அறைக்குள் வைத்ததும் பிளேடு போட்டுக் கிழித்து எடுத்துவிடுங்கள். பஞ்சுக்குள் இருக்கும் ஈரம் பகல் சூட்டில் வெளியே வந்து, இரவில் பிளாஸ்டிக்கின் உட்புறம் நீராகப் படியும். அங்கேதான் பூசணம் முதலில் பிடிக்கும். பழைய சென்னிமலைப் போர்வையால் மூடிவையுங்கள், தூசு தங்காது, காற்றும் போகும். இலவம்பஞ்சு மெத்தையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறியபின் கொண்டுபோக வேண்டும். எந்த மெத்தையையும் ஓரத்தில் நிற்கவைத்தபடி மாதக்கணக்கில் விடாதீர்கள், வளைந்துபோகும்.

பாலிஷ் போட்ட மரத்தில் நேராக டேப் ஒட்டினால் பிரிக்கும்போது பாலிஷும் கூடவே வரும். பபுள் ஷீட்டும் வெயில் காலத்தில் வட்டவட்டமாகத் தடம் பதிக்கும். இரண்டுக்கும் நடுவே துணி வேண்டும். அட்டைப்பெட்டி ஐந்து அடுக்கு கொண்டதாக இருக்கட்டும். ஒன்றில் 15 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், புத்தகத்துக்குச் சின்னப் பெட்டியே சரி. மளிகைக் கடையில் வாங்கிய பழைய பெட்டி வேண்டாம். அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும்.

அமுச்சி கொடுத்த பட்டுச் சேலைகள், பித்தளை அண்டா, வெண்கலப் பானை, பவானி ஜமக்காளம் எல்லாம் இருக்குதுங்க. வீடு இடிச்சுக் கட்டறதால ஒரு வருசம் ஸ்டோரேஜ்ல வைக்கோணும். வைக்கலாமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

வைக்கலாம்ங்க. ஆனால் பட்டுச் சேலையை உறவினர் வீட்டு பீரோவில் வைக்க முடிந்தால் அதுவே முதல் தேர்வு, ஏனென்றால் சேலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து மடிப்பு மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் வருசம் முழுக்கக் கிடந்தால் ஜரிகை அந்த வரியிலேயே முறிந்து, பட்டும் கீறிவிடும்.

கட்டிய சேலையை அப்படியே மடித்து வைக்காதீர்கள். வியர்வைக் கறை இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது, ஆறு மாதத்தில் மஞ்சளாகத் தெரியும். டிரை கிளீன் செய்து, நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, கஞ்சி போடாமல், ஜரிகை உள்பக்கம் வருமாறு தளர்வாக மடியுங்கள். கஞ்சியைத் தேடி ராமபாணப் பூச்சி வரும் என்பதை மறக்க வேண்டாம். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, நன்றாகத் துவைத்த பழைய நூல் வேட்டியில் ஒவ்வொரு சேலையாகச் சுற்றுங்கள். செய்தித்தாள் கூடாது. மை ஒட்டும், தாளின் அமிலமும் துணிக்கு ஆகாது.

அந்துருண்டை போடுவதென்றால் சின்னத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வையுங்கள், ஜரிகையில் படக்கூடாது. அதோடு கற்பூரத்தைச் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இளகித் தண்ணீராகும், அந்தக் கறை பட்டிலிருந்து போகாது. எனவே ஏதாவது ஒன்று மட்டும் போடுங்கள். வசம்பு, காய்ந்த வேப்பிலை என்றால் முறுமுறுவென்று காய்ந்திருக்க வேண்டும், பச்சை வாடையே இருக்கக்கூடாது.

சேலைகளை இறுக்கமாக மூடும் டிரங்குப் பெட்டியில் அடுக்கி, சூட்கேஸ் அளவுப் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில் போடுங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து ரோஸ் ஆகும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது உடம்புக்கு நல்லதல்ல. நிறம் மாறிவிட்டால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். திறந்த அறையில் நாலு பாக்கெட்டைத் தொங்கவிடுவதில் பயனில்லை. ஷட்டர் இடுக்கு வழியாக வரும் புதுக் காற்றின் ஈரத்துக்கு அது ஈடுகொடுக்காது. தண்ணீர் சேரும் டப்பா வகை, அதாவது கால்சியம் குளோரைடு, பாத்திரங்களுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. அந்த உப்புநீர் கொட்டினால் பித்தளை, இரும்பு இரண்டையும் அரிக்கும்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் புளி மிச்சம் துளியும் இருக்கக்கூடாது. விளிம்பு மடிப்பிலும் கைப்பிடி ஆணியைச் சுற்றியும் புளி தங்கும், பச்சை பிடிப்பது அங்கேதான் தொடங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடங்களைக் கழுவி, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு கட்டுங்கள். தேங்காய் எண்ணெய் பூசிவைக்கும் வழக்கம் வேண்டாம். எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாகும். ஈயம் பூசிய உள்பக்கத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். அண்டாவுக்குள் அண்டா போடும்போது நடுவில் துணி வைத்தால் வளையத் தடம் விழாது. இரும்பு தோசைக்கல்லுக்கு மட்டும் முறை வேறு. அடுப்பில் காயவைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு தாளில் சுற்றி வைக்கலாம்.

ஜமக்காளத்தை மடிக்காமல், பி.வி.சி. பைப்பில் சுருட்டி, துணி உறை போட்டுப் படுக்கவையுங்கள்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், இன்வெர்ட்டர் இதையெல்லாம் எப்படி வைக்கறது?
– வாசகர், ஈரோடு

ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்பே அணைத்து, ஐஸ் முழுக்கக் கரைந்ததும் பின்பக்கக் கீழ்த்தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். கதவு ரப்பரின் மடிப்பைச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்து உலரவிடுங்கள். நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும். அறையில் கதவு இரண்டு விரல் அளவு திறந்தே இருக்கும்படி துணிச்சுருளைச் செருகிக் கட்டுங்கள். மூடிவைத்தால் திரும்பி வரும்போது உள்ளே கறுப்பாகப் பூசணம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் சில மணி நேரம் நிற்கவிட்டே சுவிட்ச் போடுங்கள்.

வாஷிங் மெஷினில், முன்பக்கம் திறக்கும் வகைக்குக் கீழே வலது மூலையிலோ இடது மூலையிலோ ஃபில்டர் மூடி இருக்கும். அதைத் திருகினால் அரை லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் வரும், தட்டு வைத்துப் பிடியுங்கள். தண்ணீர்க் குழாய்களையும் கழற்றி வடியவிடுங்கள். வாங்கியபோது கழற்றிய டிரான்சிட் போல்ட்டுகளை, அதாவது டிரம் ஆடாமல் பிடிக்கும் போல்ட்டுகளை, மறுபடி போடாமல் வண்டியில் ஏற்றினால் டிரம் ஆடி, தாங்கும் ஸ்பிரிங் கெடும்.

கிரைண்டரில் குழவிக் கல்லைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். கல்லின் கொத்துக் குழிகளில் மாவு இருந்தால் பூசணமும் கரப்பானும் வரும், எனவே பிரஷ் போட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள். பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். இழுவையிலேயே கிடந்தால் அந்த வளைவிலேயே இறுகிப்போய், பிறகு ஓடும்போது அதிரும். டி.வி.யைப் படுக்கப் போடக்கூடாது. ரிமோட், கடிகாரம், டார்ச் எல்லாவற்றிலும் பேட்டரியைக் கழற்றுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி வேண்டாம். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து செத்துவிடும், ஆசிட் கசியும் ஆபத்தும் உண்டு. தெரிந்தவர் வீட்டில் ஓட்டத்தில் இருக்கட்டும், அல்லது விற்றுவிடுங்கள். காஸ் சிலிண்டரும் அப்படித்தான். ஏஜென்சியில் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்கொண்டால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

பனியன் சரக்கு மிச்சம் 40 அட்டைப்பெட்டி ஸ்டோரேஜ்ல போட்டிருந்தேனுங்க. தண்ணி படலை, ஆனா வெள்ளை டி-ஷர்ட் மடிப்பு ஓரமெல்லாம் மஞ்சளாயிருச்சு. துணி கெட்டுப்போச்சுங்களா?
– வாசகர், திருப்பூர்

பெரும்பாலும் கெட்டிருக்காது. மடிப்பு ஓரத்திலும், பாலிபேக் வாய்ப் பக்கத்திலும் மட்டும் மஞ்சள் என்றால் அது ஃபீனாலிக் மஞ்சளாகத்தான் இருக்கும். பாலிபேக் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பி.எச்.டி. (BHT) என்ற ரசாயனம் ஆவியாகித் துணியில் படியும். டீசல் வண்டி, ஜெனரேட்டர் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு அதோடு சேர்ந்தால் மஞ்சளாகும். காற்று படும் ஓரத்தில் மட்டும் வருவது அதனால்தான். துணியில் காரம் மிச்சமிருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

உறுதிப்படுத்த, மஞ்சள் இடத்தில் தண்ணீர் கலந்த வினிகர் ஒரு துளி விடுங்கள். நிறம் மறைந்தால் இதுதான். ஒரு பீஸை வெயிலில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். போகாவிட்டால் லேசான அமிலத்தில் ஒரு வாஷ் கொடுக்க வேண்டியிருக்கும். வினிகருக்கு அசையாமல், துணி முழுக்கப் பரவலாக மஞ்சளாக இருந்தால் சாஃப்ட்னர் சூட்டில் மாறியிருக்கலாம். அதற்கு டையிங் ஆட்களிடம்தான் போக வேண்டும்.

அடுத்த முறை பி.எச்.டி. இல்லாத பாலிபேக் என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஃபினிஷிங்கில் துணியின் பி.எச். (pH, அமில-கார) அளவு 5.5 முதல் 6 வரை இருக்கட்டும். ஜெனரேட்டர், லாரி நிற்கும் இடம் இரண்டுக்கும் தள்ளியுள்ள அறையாகப் பாருங்கள். பெரிய சரக்கென்றால் லேபில் ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்18 சோதனை செய்துவிட்டு அடுக்குவது நல்லது.

கட்டிலுக்கு அடியில வெள்ளையா மாவு மாதிரி கொட்டுதுங்க. அதையும் ஸ்டோரேஜ்ல போட்டரலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

இப்போது போடாதீர்கள். உங்கள் சாமான் மட்டுமல்ல, பக்கத்து அறைக்காரர் சாமானும் போகும். கட்டிலுக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. பவுடர் போல மெல்லியதாக இருந்தால் உளு வண்டு, கடுகை விடச் சின்ன மணிமணியாக இருந்தால் உலர்மரக் கரையான்.

வைரம் பாய்ந்த தேக்கை உளு பெரும்பாலும் தொடாது. வெள்ளை மரப் பகுதி, ரப்பர் மரம், மாமரம், மலிவான பிளைவுட் இவற்றைத்தான் தின்னும். பாலிஷுக்கு மேலே மருந்து தடவினால் உள்ளே இறங்காது. ஊசி மூலம் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, மெழுகால் அடைக்க வேண்டும். பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்தில் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் பூசலாம். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், மூடிய அறையில் அது தீ ஆபத்து. மருந்து போட்டு ஒரு மாதம் தாள் சுத்தமாக இருந்தால் கொண்டுபோகலாம்.

பூட்டு அவங்களே தர்றாங்க. நம்மளே வாங்கிப் போடறது நல்லதுங்களா? ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?
– வாசகர், கரூர்

நீங்களே வாங்குங்கள். வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்காத வட்டப் பூட்டு நல்லது, கட்டர் வாய்க்கு இடம் கிடைக்காது. அதைவிட முக்கியம் கொண்டி. அதன் போல்ட் தலை வெளியே தெரிந்தால் பூட்டைத் தொடாமலே ஸ்பேனரில் கழற்றிவிடலாம். கொண்டி வெல்டிங் செய்யப்பட்டதாகவோ, நட்டு உள்பக்கம் இருப்பதாகவோ இருக்க வேண்டும்.

பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. பொருளை அவர்கள் கையில் ஒப்படைத்து அவர்களே காவல் வைத்தால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 148, 151 பிரிவுகளின்படி, சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இடத்தை மட்டும் தருகிறோம், சாவி உங்களிடம் என்று எழுதியிருந்தால் பொறுப்பு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். வாடகை எத்தனை நாள் பாக்கியானால் பூட்டை உடைத்து ஏலம் விடலாம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். வெளிநாடு போய் சிம் மாற்றியவர்களுக்கு நோட்டீஸே சேராமல் போகலாம். உள்ளூர் உறவினர் ஒருவரின் எண்ணையும் ஒப்பந்தத்தில் எழுதவையுங்கள். அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு பெட்டியின் எண், உள்ளே என்ன என்ற பட்டியலோடு வீடியோ எடுத்து வைப்பது இன்சூரன்ஸுக்கும் உதவும்.

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கு. அது ஸ்டோரேஜ்ல வச்ச பொருளுக்கும் செல்லுமுங்களா?
– வாசகி, திருச்செங்கோடு

தானாகச் செல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். 2021 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியில் கட்டடத்தோடு வீட்டுச் சாமானுக்கும், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. ஆனால் அது பாலிசியில் எழுதிய வீட்டில் இருக்கும் பொருளுக்குத்தான். இடம் மாற்றும் முன் கம்பெனிக்கு எழுதி, ஸ்டோரேஜ் முகவரியைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த மாற்றத்துக்கான எழுத்துப் பதிவு, வாங்குங்கள். ஸ்டோரேஜ்காரர் “இன்சூரன்ஸ் இருக்கு” என்றால், அது கட்டடத்துக்கா, உங்கள் பொருளுக்கா என்று பாலிசி நகலைக் கேட்டுப் பாருங்கள். தொழில் சரக்குக்கு, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை, பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தனி பாலிசி இருக்கிறது.

நகை, கிரயப் பத்திரம், பாஸ்போர்ட் இவற்றை ஸ்டோரேஜில் வைக்கவே கூடாது. வங்கி லாக்கரில் வையுங்கள். அங்கும் தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையின் 100 மடங்குதான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மஞ்சள் பத்து மூட்டை விலை ஏறும்வரை வைக்கலாமா?
– விவசாயி, மொடக்குறிச்சி

கூடாதுங்க. வண்டு பிடிக்கும், எலி வரும், ஒப்பந்தமும் அனுமதிக்காது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்தால் மருந்துப் புகையும் போடுவார்கள், அதன்மேல் பொருளீட்டுக் கடனும் கேட்கலாம்.

எத்தனை நாளைக்கு ஒருக்கா போய்ப் பார்க்கோணும்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு தடவையும், மழை ஓய்ந்ததும் மார்கழிக் கடைசியில் ஒரு தடவையும் கட்டாயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் புழுதியை ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே தள்ளும். ஆடி முடிந்ததும் போய் ஒரு முறை பெருக்குங்கள். உங்கள் ஊர்ப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் ஆடிச் சாரலின் ஈரம் உண்டு என்பதால் அந்தச் சமயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

வெயில் அடிக்கும் நாளில் பதினொரு மணிக்கு மேல் போய் ஷட்டரை ஒரு மணி நேரம் திறந்துவையுங்கள். மழை நாளில் திறந்தால் வெளி ஈரத்தை உள்ளே அழைத்ததாகிவிடும். ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதிகபட்ச அளவை நினைவில் வைத்திருக்கும் வகையை வாங்கி, பின்சுவர்ப் பக்கம் வையுங்கள். 60 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும், அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் டார்ச் அடித்து, பென்சில் தடிமனில் மண் கோடு ஏறுகிறதா பாருங்கள். அது செல்லு, அதாவது கரையான். தட்டிவிட்டுப் போகாமல் போட்டோ எடுத்து, அன்றைக்கே ஸ்டோரேஜ்காரருக்கு எழுத்தில் தெரிவித்து, மருந்தடித்த தேதியையும் எழுதி வாங்குங்கள்.